சபாபதி கட்டிய கிளீன் ரூம்

என் அக்கா புருஷன் சபாபதிக்குப் பளபளப்பு இல்லாமல் எதுவும் இருக்கக் கூடாது. மலேசியாவில், கிள்ளானில் அவர் வீட்டு வாசலில் இரண்டு சிமெண்டுச் சிங்கங்கள் தங்க வண்ணம் பூசிக்கொண்டு வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்கும். காரின் பின்கண்ணாடியில் அவருக்குக் கிடைத்த பட்டம் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கும். எந்தச் சங்கம் கொடுத்தது என்று கேட்டால் டீ சாப்பிடுகிறாயா என்பார். பிளாஸ்டிக் வாளியும் குவளையும் செய்து பிழைத்தவர். வாளி செய்தவரை நான் ஒருநாளும் மட்டமாக நினைத்ததில்லை. கண் மருந்துக்குப் புட்டி செய்யக் கிளம்பிய பிறகுதான் அந்த மனிதரைச் சரியாகப் பார்த்தேன்.

ஷா ஆலாமில் ஒரு மருந்துக் கம்பெனி, கண்ணில் விடும் சொட்டு மருந்துக்குக் குட்டிப் புட்டிகள் செய்து தர ஆள் தேடிக்கொண்டிருந்தது. அந்தப் புட்டிகளைச் சாதாரண தொழிற்சாலையில் செய்ய முடியாது. கிளீன் ரூம் வேண்டும். உள்ளே வரும் காற்றை வடிகட்டினால் மட்டும் அது கிளீன் ரூம் ஆகிவிடாது. சுவர், தரை, கூரை, மேசை, போடும் உடுப்பு, துடைக்கும் துணி எல்லாமே தூசு உதிர்க்காத சாமானாக இருக்க வேண்டும். எந்த இடத்துக்கு எந்தச் சாமான் என்று தேர்ந்தெடுப்பதுதான் என் தொழில். சுங்கை பூலோவில் மருத்துவக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அக்கா புஷ்பவல்லி பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் ஃபிளாட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"லோகா, அத்தானுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? வெளியாளுங்க ஏமாத்திடுவாங்கடி."

நான் வேலையை விட்டுவிட்டுப் போனேன். போகும்போது, என்னோடு வேலை செய்த நல்லம்மாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஐம்பதைத் தாண்டியவர். கிளீன் ரூமுக்குள் எப்படி நடப்பது, எப்படிக் கையை வைத்துக்கொள்வது என்று புதிய பெண்களைப் பழக்க அவரைவிடப் பொறுமையான ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் வீடு கிள்ளானிலேயே இருந்ததால் அவருக்கும் பஸ் அலைச்சல் மிச்சம்.

முதல் வாரத்தில் சுவருக்கும் கூரைக்கும் போடும் பலகையின் மாதிரித் துண்டு ஒன்றை எடுத்துப் போய் அத்தான் மேசையில் வைத்தேன். அவர் அதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, மீன் மார்க்கெட் ஐஸ் ரூம் மாதிரி இருக்கு?"

"இரும்புத் தகடு அத்தான். மேல பவுடர் கோட்டிங். உதிராது. தினம் கிருமி மருந்து போட்டுத் துடைச்சாலும் உரியாது. மூலையெல்லாம் வளைவா வரும், அழுக்கு உக்கார இடம் இருக்காது. தரைக்கு வினைல் போட்டு, ஒட்டு தெரியாம வெல்டிங் பண்ணிடலாம்."

"அழகு எங்க?"

"உதிராம இருந்தா போதும் அத்தான். அழகு வேணாம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கல்யாணம் ஆகாத மைத்துனிக்கு அழகைப் பற்றி என்ன தெரியும் என்ற பார்வை அது. அந்தப் பார்வையை நான் பல தீபாவளிகளில் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் செராஸிலிருந்து ராஜன் வந்தார். பங்களா வீடுகளுக்கு பிளாஸ்டர் சீலிங் போடுகிறவர். போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். திராட்சைக் குலை, ரோஜா, இலைக்கொடி, நடுவில் நீல விளக்கு ஒளிந்திருக்கும் வட்டம். அத்தான் கண்கள் விரிந்துகொண்டே போயின.

"பிளாஸ்டர்னா என்ன பாஸ்? கெட்டிப்பட்ட பவுடர்தானே," என்றேன். "தொட்டா உதிரும். ஈரத்தை இழுக்கும். நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். அது கீழ போற புட்டிக்குள்ள விழும்."

"மிஸ், நான் பெரிய பெரிய ஆளுங்க வீட்டுக்கெல்லாம் போட்டிருக்கேன் லா. ஒருத்தரும் கம்ப்ளைன் பண்ணல."

"அவங்க வீட்டு சீலிங்கை அவங்க கண்ணுல ஊத்திக்கிறதில்ல."

ராஜன் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை.

"லோகா, வெளிநாட்டுக்காரன் வந்து பார்ப்பான். உள்ள வந்ததும் மேல பார்த்து அசந்து போகணும். உன் ஐஸ் பெட்டியப் பார்த்து எவன் அசருவான்?"

இரண்டு வாரம் சண்டை போட்டேன். அவர் ஆசையாக வாங்கிய, லட்சுமி உருவம் செதுக்கிய தேக்குக் கதவைக் கிளீன் ரூமிலிருந்து துரத்தி அவர் அலுவலக அறைக்கு அனுப்பினேன். தரைக்கு மார்பிள் வேண்டாம் என்று ஒத்துக்கொள்ள வைத்தேன். சுவருக்கும் என் பலகையே வந்தது. கூரையில் மட்டும் அவர் அசையவில்லை. "காத்து, சுவரு, தரை எல்லாம் உனக்கு விட்டுட்டேன். அண்ணாந்து பார்க்கிறது எனக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் விட்டுவிட்டு வந்த வேலையில் வேறு ஆள் சேர்ந்தாகிவிட்டது. அக்கா வேறு தினமும் போன் செய்தாள்.

சீலிங்குக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். பெயிண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது எனக்கும் ராஜனுக்கும் தெரியும்.

திறப்பு விழா நடந்தது. உள்ளே போகிற பெண்கள் முகம் கழுவி, பொட்டையும் திருநீற்றையும் துடைத்து, தலையிலிருந்து கால்வரை மூடும் பாலியஸ்டர் உடுப்புப் போட்டுக்கொள்ள வேண்டும். பருத்தி கூடாது, நூல் உதிரும். நல்லம்மாள் அக்கா தினமும் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர். நெற்றியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு புதிய பெண்களிடம், "சாமி வெளிய வெயிட் பண்ணுவாரு. அவருக்குக் கோவமெல்லாம் வராது, வாங்க" என்றார். பெண்கள் சிரித்துக்கொண்டே துடைத்தார்கள்.

சபாபதி பட்டு ஜிப்பாவோடு வந்தார். நெற்றி நிறைய திருநீறு, கழுத்தில் ரோஜா மாலை, பின்னால் போட்டோக்காரர்.

"அத்தான், உடுப்பு மாத்திக்கணும்."

"ஓனருக்குமா?"

"தூசிக்கு ஓனர் யாருன்னு தெரியாது."

என்னைத் தள்ளிக்கொண்டு போகாத குறையாக உள்ளே போனார். காற்றில் இருக்கும் துகள்களைக் காட்டும் கருவியை மேசை மேல் வைத்திருந்தேன். அவர் மாலையை உதறி உதறி போட்டோவுக்கு நிற்க, திரையில் எண்கள் எகிறின. அவரும் பார்த்துவிட்டார்.

"மெஷின் கெட்டுப் போச்சா?"

"இல்ல அத்தான். ரொம்ப நல்லா வேலை செய்யுது."

அன்று மாலை அறை முழுவதையும் பெண்களும் நானும் மறுபடியும் துடைத்தோம். சுவரும் தரையும் சொன்னபடி கேட்டன. மேலே இலைக்கொடிகளின் மடிப்புக்குள் துணி போகவில்லை.

சில மாதங்கள் ஓடின. புட்டிகள் போயின, நல்லபடியாக ஏற்கப்பட்டன. சபாபதி எல்லோரிடமும் சீலிங்கைக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு மழை மாதங்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத ரூமுக்கு ஏர்கோன் எதற்கு என்று கேட்டு, எனக்குச் சொல்லாமலே வாரக்கடைசியில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலைகளில் அறைக்குள் ஈர வாடை அடித்தது. ஏன் என்று கண்டுபிடித்துச் சத்தம் போட்டேன். "சரி சரி, போடச் சொல்றேன்" என்றார். போடவில்லை.

ஷா ஆலாமிலிருந்து ஒரு லோடு புட்டி திரும்பி வந்தது. உள்ளே வெள்ளைத் துணுக்குகள். அதைப் பற்றிப் பேச நான் ஷா ஆலாம் போயிருந்த காலையில், சபாபதி எல்லாப் பெண்களையும் கேன்டீனில் நிற்க வைத்தார். நான் திரும்பி வந்தபோது நல்லம்மாள் அக்கா இல்லை. அவருடைய லாக்கர் திறந்து கிடந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். கடைசியில் ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னாள்.

"யாரு பவுடர் பூசிக்கிட்டு வர்றதுன்னு கேட்டாரு மிஸ். யாரும் பேசல. நல்லம்மாக்கா முன்னாடி நின்னாங்க. டிஷுவைக் குடுத்துக் கன்னத்தைத் தொடைக்கச் சொன்னாரு. தொடைச்சாங்க. ஒன்னும் ஒட்டல. 'காலையிலேயே கழுவிட்டா, கெட்டிக்காரி'ன்னு சொல்லிட்டு, வீட்டுக்குப் போயிடுன்னாரு."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"டிஷுவை மடிச்சுக் குப்பையில போட்டுட்டுப் போயிட்டாங்க."

நான் நல்லம்மாள் அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏணியைப் போட்டு ஏறி, ஒரு கறுப்புத் துணியால் இலைக்கொடியின் மடிப்பைத் தடவினேன். துணி வெளுத்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தால், பெயிண்டில் மயிரிழை விரிசல்கள், அவற்றுக்குள் கரும்புள்ளிகள். பூஞ்சை. துணியைக் கொண்டுபோய் அத்தான் மேசையில், அவருடைய லட்சுமிக் கதவுக்குப் பின்னால், விரித்துப் போட்டேன்.

அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். புரிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரிந்தது. முட்டாள்தனம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

"பெயிண்ட் அடிச்சிடலாம்," என்றார்.

"நல்லம்மாக்கா?"

"போனவ போகட்டும். கம்பெனிக்காரங்க வந்து கேட்டா யாரையாச்சும் காட்டணும்ல. சீலிங்கைக் காட்ட முடியுமா?"

"அந்த மருந்து பச்சப்புள்ளைங்க கண்ணுல போகுது அத்தான்."

"அதான் பெயிண்ட் அடிக்கலாம்ங்கிறேன்ல. நீ எதுக்கும் ஒரேயடியா கத்துற. அதான் உனக்கு ஒன்னும் அமையல."

அந்த வாரக்கடைசியில் ராஜனின் ஆட்கள் வந்து, பூஞ்சை மேல் ரோலரால் பளபளவென்று வெள்ளை அடித்துவிட்டுப் போனார்கள். நான் அந்த அறையில் இனி ஒரு புட்டியும் ஓடாது என்று சொல்லி மெஷின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் சண்டை போடவில்லை. மருந்துக் கம்பெனியின் தணிக்கை வரப்போகிறது, அதுவரை என்னைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று கணக்குப் போட்டிருந்தார்.

தணிக்கைக்கு முந்தின நாள் அக்கா பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தாள். என் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மட்டும் வாயைத் திறக்காதடி. ஒரு நாள். அப்புறம் நீ சொல்ற மாதிரி மாத்திக்கலாம்னு அவரே சொன்னாரு."

"அவர் சொன்னாரா, நீ நினைச்சுக்கிறியா?"

அவள் கைக்குட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தாள். காபியையும் குடிக்காமல் போனாள்.

தணிக்கைக்கு வந்தவர் பெயர் சுமையா. மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. என் வயதுதான் இருக்கும். நல்ல தமிழ் பேசினார். சபாபதி அவருக்கு மாலை போட வந்தார். "வேணாம் அங்கிள், மகரந்தம்" என்று அவர் மாலையை நாசூக்காக ஒரு நாற்காலியில் வைத்துவிட்டார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப் போயிற்று. ஹலால் கடையிலிருந்து வரவழைத்த பிரியாணியை மேசையில் அடுக்கிக்கொண்டு அக்கா கேன்டீனில் காத்திருந்தாள்.

கேன்டீனிலேயே சுமையா கேட்டார்: "அந்த வெள்ளைத் துணுக்கு எங்கிருந்து வந்துச்சு, கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சாச்சும்மா," என்றார் சபாபதி. "ஒரு பொம்பள பவுடர் பூசிக்கிட்டு வந்திருக்கா. உடனே வேலையை விட்டுத் தூக்கிட்டேன். இந்த விஷயத்துல நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

நெற்றித் திருநீறு ஒரு துளி அவர் மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"மிஸ் லோகேஸ்வரி, நீங்க என்ன சொல்றீங்க?"

அக்கா பரிமாறும் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"சீலிங்," என்றேன்.

"லோகா!"

"பிளாஸ்டர் சீலிங். ஈரத்துல ஊறி உதிருது. பூஞ்சையும் பிடிச்சிருக்கு. போன வாரம் அது மேல பெயிண்ட் அடிச்சு மூடியிருக்காங்க. வேலையை விட்டுப் போன அம்மா பவுடர் பூசினதே இல்ல."

சபாபதி சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சங்க மேடைகளில் பார்த்திருக்கிறேன்.

"குடும்பத்துக்குள்ள கொஞ்சம் மனஸ்தாபம்மா. என் மைத்துனி. அவ சொன்ன டிசைனை நான் எடுக்கலன்னு கோவம். பொம்பளைங்க கோவம் உங்களுக்குத் தெரியாததா..."

"எனக்குத் தெரியல அங்கிள்," என்றார் சுமையா. "போய்ப் பார்ப்போமா?"

உடுப்பு மாற்றிக்கொண்டு மூவரும் உள்ளே போனோம். சபாபதியும் அன்று ஒழுங்காக முகத்தைத் துடைத்து, முகமூடி போட்டுக்கொண்டு வந்தார். வெள்ளை உடுப்புக்குள் அவர் வயிறு மட்டும் தெரிந்தது. நான் ஏணியில் ஏறி, ஒரு ரோஜா இதழின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். புதுப் பெயிண்ட் தோல் போலச் சுருங்கி உரிந்தது. கீழே இருந்தது ஈர மாவு. அது பொலபொலவென்று கொட்டியது. சுமையா நீல உறை போட்ட கையை நீட்டி, விழுவதைப் பிடித்துப் பார்த்தார். வெள்ளைக்கு நடுவே கறுப்பு.

"இது யாரோட ஐடியா?" என்று கேட்டார்.

நான் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கான்ட்ராக்டர்," என்றார் சபாபதி. "ராஜன்னு ஒருத்தன். ஏமாத்திட்டாம்மா. நான் பிளாஸ்டிக்காரன், எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கூட இருந்த இவளாவது சொல்லியிருக்கணும்ல?"

ஏணி மேலிருந்து அந்த மனிதரைப் பார்த்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தேன்.

சுமையா குரலை உயர்த்தவே இல்லை. கூரையை முழுக்கப் பெயர்த்தெடுத்து, சுவருக்குப் போட்ட பலகையையே மேலேயும் போட வேண்டும், அதுவரை ஒரு புட்டியும் வாங்க மாட்டோம் என்றார். வாசலில் கையுறையைக் கழற்றும்போது, "தப்பா அனுப்பின அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்க. பழக்கின ஆளை இழந்தா எங்களுக்குத்தான் நஷ்டம்" என்றும் சொன்னார். பிரியாணி சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

கார் நிறுத்தும் இடத்துக்கு அக்கா என் பின்னால் ஓடி வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அவர் பண்ணது தப்புன்னு எனக்குத் தெரியாதாடி? இருபது வருஷமா கூட இருக்கேன். ஆனா நீ சீலிங்னு சொன்னப்போ உன் மூஞ்சியைப் பார்த்தேன். சந்தோஷமா இருந்த."

"ஆமா," என்றேன்.

"அவர்கூட நான்தான வீட்டுக்குப் போகணும்?"

என்னோடு வந்துவிடு என்று சொல்லியிருக்கலாம். அவள் வர மாட்டாள் என்பதும் அப்படிச் சொன்னால் இன்னும் நொந்து போவாள் என்பதும் தெரிந்ததால் சொல்லவில்லை. மெஷின் சாவியை அவள் கையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். இன்றுவரை அவள் வீட்டுக்கு நான் போனதில்லை. பிறந்த நாளைக்கு மட்டும் அவள் போன் செய்கிறாள். சபாபதி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான்.

சுங்கை பூலோவில் பழைய தொழிற்சாலையிலேயே மறுபடி சேர்ந்தேன், ஒரு படி கீழே. எனக்குக் கீழே இருந்த பையன் இப்போது எனக்கு மேலே. பரவாயில்லை, அவனுக்கு வினைலுக்கும் மார்பிளுக்கும் வித்தியாசம் தெரியும்.

கிள்ளானில் கூரையைப் பெயர்த்தார்கள். இரும்புப் பலகை வந்தது, அறை தேர்வில் தேறியது, புட்டிகள் மறுபடி ஓடின. அந்த வருஷமே பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் சிறு தொழில் செய்கிறவர்களுக்கு நடந்த கூட்டத்தில் சபாபதி பேசினார். கிளீன் ரூமுக்குச் சரியான சாமானை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் தலைப்பு. என் ஃபிளாட்டிலிருந்து நடக்கிற தூரம். போய்ப் பின்வரிசையில் நின்றேன். "அழகைப் பார்த்து ஏமாறாதீங்க, நான் ஆரம்பத்துலேர்ந்தே இதைத்தான் சொல்லிக்கிட்டு வரேன்" என்றார். கை தட்டினார்கள். நான் பாதியில் வெளியே வந்து தோசை சாப்பிடப் போனேன்.

நல்லம்மாள் அக்காவைப் பார்க்க எனக்கு முகமில்லாமல் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணிந்து போனேன். அவர் பையை எடுத்துக்கொண்டு பாசாருக்குச் சாமான் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார வைத்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். விடவில்லை.

"உங்க அத்தான் வந்திருந்தாரு மிஸ்," என்றார்.

"இங்கயா?"

"ஆமா. ஒரு கூடை பழம், அதுக்கு ரிப்பன் எல்லாம் கட்டி. இந்தச் சோபாவுலதான் உக்காந்தாரு. கம்பெனி ஒரு குடும்பம், குடும்பத்துக்குள்ள ஆயிரம் இருக்கும்னாரு. திரும்ப வந்துடுங்கன்னாரு."

"மன்னிப்புக் கேட்டாரா?"

"இல்ல லா. பழத்தை வச்சாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாளைக்கு வரேன் பாஸ்னு சொன்னேன்."

"போனீங்களாக்கா?"

"நான் ஏன் போறேன்?"

"அப்ப எதுக்கு வரேன்னு சொன்னீங்க?"

"வரமாட்டேன்னு சொன்னா உக்காந்து பேசிக்கிட்டே இருப்பாரே மிஸ். எனக்கு மீன் வாங்க நேரமாயிடுச்சு."

அவர் அதைச் சிரிக்காமல்தான் சொன்னார். மறுநாள் சபாபதி தொழிற்சாலை வாசலில் ஆள் நிறுத்திக் காத்திருந்தாராம். அதற்கடுத்த நாளும் போன் அடித்ததாம். அதைப் பற்றி அவருக்கு மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை. உறைந்த கறிபாப் பலகாரத்தைப் பொட்டலம் கட்டும் இடத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், அங்கே குளிர்தான் தாங்கவில்லை என்றும் சொன்னார்.

"நம்ம பழைய கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களா மிஸ்?"

"எடுக்கிறாங்கக்கா. திங்கட்கிழமை வர்றீங்களா?"

"நெஜமாவே வரேன்," என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, நல்ல மீன் தீர்ந்துவிடும், நடந்துகொண்டே பேசலாம் என்று என்னையும் கிளப்பினார்.